ஞானப்பல் அகற்றல்: முதல்முறை செல்பவருக்கான வழிகாட்டி

ஞானப்பல்லை எடுக்கப் போகிறவர் பயப்படுவதெல்லாம் அந்த நாற்காலியில் கழியப்போகும் அரைமணி, ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான். உண்மையில் அந்த நேரம் மருத்துவரின் பொறுப்பு. மரத்துப்போன வாயோடு நாம் செய்ய வேண்டியது அசையாமல் இருப்பது ஒன்றே. நம் பொறுப்பில் வருபவை அதற்கு முந்தைய சில நாள்களும் பிந்தைய ஒரு வாரமும். எனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு ஞானப்பற்களையும் தனித்தனித் தவணைகளில் எடுத்தார்கள். முதலாவது மூன்றாம் நாள் இரவில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது; இரண்டாவது சொல்லும்படியான தொல்லை எதுவும் இல்லாமல் ஆறியது. மருத்துவர் ஒருவரே, முறையும் ஒன்றே. நான் நடந்துகொண்ட விதம் மட்டும்தான் வேறு. ஆகவே இந்தக் கட்டுரை அறுவையைவிட அதைச் சுற்றியுள்ள நாள்களைப் பற்றியே கூடுதலாகப் பேசும். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். இங்கே எழுதியிருப்பதும் உங்கள் மருத்துவர் சொல்வதும் எங்காவது மாறுபட்டால், உங்கள் வாயைப் பார்த்தவர் அவர் என்பதால் அவர் சொல்லையே கேளுங்கள்.

எடுத்தே ஆக வேண்டுமா?

கடைவாய்ப் பற்களின் வரிசையில் மூன்றாவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியாக முளைப்பது ஞானப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் வெளிவரும். நான்கும் முளைப்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டோடு நின்றுவிடுபவர்களும், ஒன்றுகூட உருவாகாதவர்களும் உண்டு. தாடையில் இடம் போதாதபோது அது முன்னால் இருக்கும் பல்லின்மீது சாய்ந்தோ, முழுக்கப் படுத்தோ, எலும்புக்குள்ளேயே புதைந்தோ நின்றுவிடும். இவற்றில் அதிகத் தொல்லை தருவது, பாதி வெளியே வந்து மீதியை ஈறு மூடியிருக்கும் நிலைதான். அந்த ஈற்று மடிப்புக்கு அடியில் உணவுத் துணுக்குகள் புகுந்து தங்கும். பிரஷ் அங்கே எட்டாது. ஒருநாள் ஈறு வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கினாலே காதுவரை வலி இழுக்கும்.

இது ஒருமுறை வந்து மருந்தில் அடங்கிவிட்டால் சில மருத்துவர்கள் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தாலோ, ஞானப்பல்லோ அதை ஒட்டிய பக்கத்துப் பல்லின் பின்புறமோ சொத்தையானாலோ, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தெரிந்தாலோ எடுப்பதே வழி. பிரச்சினை எதுவும் இல்லாமல் புதைந்து கிடக்கும் பல்லைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. பிரிட்டனில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. மறுபுறம், இளவயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் அவ்வளவு இறுகியிருக்காது என்பதால், பின்னால் எப்படியும் எடுக்க வேண்டி வரும் பல்லை முன்னதாகவே எடுத்துவிடலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் எண்ணம் இதுதான்: எடுக்கச் சொல்பவர் அதற்கான காரணத்தை எக்ஸ்ரேயில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். ‘எல்லோரும் எடுக்கிறார்கள்’ என்பது காரணம் ஆகாது. முன்பற்கள் நெருக்கியடித்துக் கோணலாவது ஞானப்பல் தள்ளுவதால்தான் என்பதும் அப்படித்தான். அதற்கு மட்டுமாக எடுப்பதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் இல்லை.

படம் எடுத்தல், கேள்வி கேட்டல்

நேராக, முழுதாக முளைத்த ஞானப்பல்லை வழக்கமான பல் மருத்துவரே எடுத்துவிடுவார். எலும்புக்குள் புதைந்தது, படுத்துக் கிடப்பது, வேர் வளைந்தது என்றால் வாய் மற்றும் முகத்தாடை அறுவை நிபுணரிடம் அனுப்புவார்கள். எது என்பதை முடிவு செய்வது ஓபிஜி என்ற எக்ஸ்ரே. நின்ற நிலையில் முகத்தைச் சுற்றி ஒரு கருவி வட்டமடிக்க, இரு தாடைகளும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் விழும். அந்தப் படத்தில் கீழ்த்தாடை எலும்பின் ஊடே இரண்டு மெல்லிய கோடுகளுக்கு நடுவே ஓடை போல ஒன்று ஓடுவதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள்தான் செல்கிறது. ஞானப்பல்லின் வேர் அந்தக் கோட்டின்மேல் படிந்தாற்போல் தெரிந்தால், உண்மையில் தொடுகிறதா, முன்னும் பின்னுமாக விலகி நிற்கிறதா என்பதை அறிய சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

இந்தச் சந்திப்பில் வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை இவை. பல் எந்தக் கோணத்தில் இருக்கிறது? எலும்பைக் குறைக்க வேண்டி வருமா? வேர் நரம்புக்கு எவ்வளவு நெருக்கம்? இடித்துக்கொண்டு நின்றால், வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறை எனக்குப் பொருந்துமா? கீழ்ப்பல்லை எடுக்கும்போது அந்த நரம்போ, நாக்குக்குச் செல்லும் நரம்போ நசுங்கினால், உதட்டிலோ நாக்கிலோ மரமரப்புத் தங்கக்கூடும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும்; நிரந்தரமாகத் தங்குவது அரிது. அரிது என்றாலும் ஒப்புதல் படிவத்தில் அது எழுதப்பட்டிருக்கும். கையெழுத்திடும்போது முதன்முறையாகப் படித்துத் திடுக்கிடுவதைவிட முன்பே கேட்டுத் தெளிவது நல்லது. மேல்பல்லின் சங்கதி வேறு: அதன் வேருக்கு மேலே முகத்தின் காற்றறை இருப்பதால், எடுத்தபின் வாய்க்கும் அந்த அறைக்கும் இடையே சில வேளை துளை விழலாம். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

பல்லுக்குத்தானே என்று பலரும் தங்கள் மற்ற நோய்களைச் சொல்வதில்லை. இதுதான் நோயாளிகள் செய்யும் மிகப்பெரிய பிழை என்பேன். இரத்தத்தை இளக்கும் மருந்து உட்கொள்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் தாமாக நிறுத்தவே கூடாது. பல்லிலிருந்து வடியும் இரத்தத்தை அழுத்தியும் தைத்தும் நிறுத்திவிடலாம், மருந்தை நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்வார்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுப்படுத்தும் ஊசி அல்லது மாத்திரை எடுத்தவர்களுக்கும், தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பல்லெடுத்த இடத்து எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். சர்க்கரை நோய், செயற்கை இதய வால்வு, ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், கருத்தடை மாத்திரை, மருந்து ஒவ்வாமை, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது உத்தமம். நாற்காலியில் அமர்ந்ததும் பாதி மறந்துவிடும்.

ஈறு சீழ்கட்டி வீங்கியிருக்கும்போது பல நேரங்களில் முதலில் தொற்றைத் தணித்துவிட்டுப் பிறகே அறுவைக்கு நாள் குறிப்பார்கள். வலியைப் பொறுக்க முடியாமல் ‘இன்றே எடுத்துவிடுங்கள்’ என்று வற்புறுத்த வேண்டாம். தொற்று இருக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது.

மரத்துப்போகும் ஊசியா, மயக்கமா?

பெரும்பாலோருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும். நிறைய அச்சம் உள்ளவர்களுக்கு அதனுடன் கை நரம்பு வழியாக அமைதிப்படுத்தும் மருந்து தரப்படும். நான்கையும் ஒரே தடவையில் எடுப்பதானாலோ, ஆழமாகப் புதைந்திருந்தாலோ முழு மயக்கம் கொடுக்கலாம். முழு மயக்கம் என்றால் பொதுவாக 6 மணி நேரம் திட உணவும் 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. ஊசி மட்டும் என்றால் பட்டினி வேண்டியதில்லை, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது, ஏனென்றால் அடுத்த வேளை எப்படி இறங்கும் என்று சொல்ல முடியாது. அமைதிப்படுத்தும் மருந்தோ முழு மயக்கமோ தந்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. அழைத்துப்போக ஒருவர் உடன் வரவேண்டும்.

முந்தின நாளே வீட்டில் செய்ய வேண்டியவை

மெல்லாமல் விழுங்கக்கூடிய உணவை மூன்று நாள்களுக்குச் சேர்த்து வையுங்கள்: தயிர், மசித்த காய்கறி, குழைய வெந்த தானியம், ஆறவைத்த சூப். விதையுள்ள பழங்களும் மொறுமொறுப்பான பண்டங்களும் ஆகா. எள்ளளவு விதைகூடத் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐஸ் கட்டிகள், பழைய துணி உறைபோட்ட தலையணை இரண்டு, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் ஆகியவை அறுவைக்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு மருந்துக் கடையில் நிற்பது சங்கடமானது, நான் நின்றிருக்கிறேன்.

நாற்காலியில்

ஊசி போடும்போது சுருக்கென்று குத்தும். கீழ்த்தாடைக்கான ஊசி வாயின் கோடியில், சற்று ஆழமாகப் போகும். மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பதால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். பயப்பட வேண்டாம், தானே அடங்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் கீழுதட்டில் பாதி வீங்கிப் பெருத்துவிட்டதைப் போலத் தோன்றும், தொட்டுப் பார்த்தால் பிறர் உதடுபோல இருக்கும். அந்த உணர்வு முழுமையாக வராவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், கூடுதலாகப் போடுவார்கள்.

பிறகு ஈற்றைக் கீறி விலக்கி, தேவைப்பட்டால் பல்லை மூடியிருக்கும் எலும்பைச் சிறிது சீவி, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, நெம்பி எடுப்பார்கள். எலும்பு சூடேறாமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அதை உறிஞ்சும் குழாய் கரகரவென்று இரையும். வலி இருக்காது, அழுத்தம் இருக்கும். இந்த இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாமல்தான் முதன்முறை வருபவர் பதறுகிறார். தாடையையே பெயர்த்துவிடுவார்களோ என்னும் அளவுக்கு அழுத்துவார்கள். துண்டு பிளக்கும்போது காய்ந்த குச்சி முறிவது போன்ற ஒலி காதுக்கு வெளியிலிருந்து வராமல் மண்டைக்குள்ளேயே கேட்கும். அது முறிவது பல்தான், தாடை அன்று. இதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். வலி தெரிந்தால் இடது கையை உயர்த்துவது என்று முதலிலேயே மருத்துவரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத வாய்க்கு அந்தக் கைதான் துணை. முடிவில் குழியைக் கழுவி, தையல் போட்டு, காஸ் துணியை மடித்து வைத்துக் கடிக்கச் சொல்வார்கள்.

முதல் 24 மணி நேரம்

இனித்தான் நம் வேலை தொடங்குகிறது. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிதான் கீழே திறந்து கிடக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் மூடி. புதுச் சதை வளர்வதும் அதன்மீதுதான். முதல் நாளில் சொல்லப்படும் அத்தனை கட்டுப்பாடுகளும் அந்தக் கட்டி பெயராமல் காப்பதற்காகவே என்று புரிந்துகொண்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. துணியை 45 நிமிடம், ஒரு மணி நேரம் அழுந்தக் கடித்திருங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைவு கலையும். உறிஞ்சுகுழாய் வைத்துக் குடிக்கக் கூடாது. கொப்பளிக்கக் கூடாது. துப்பக் கூடாது, எச்சில் நிறைந்தால் தலையைக் குனிந்து வாயைத் திறந்து தானாக வடியவிடலாம், அல்லது விழுங்கிவிடலாம். புகை கூடவே கூடாது, குறைந்தது 3 நாள். ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வருவது இரத்தப்போக்கு அன்று; ஒரு துளி இரத்தம் ஒரு வாய் எச்சிலையும் சிவப்பாக்கிவிடும். வாய் நிரம்பும் அளவுக்கு வந்தால்தான் புதுத் துணியை நனைத்துப் பிழிந்து மடித்து மேலும் ஒரு மணி நேரம் கடிக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

வலி நிவாரணியை வலி வந்தபின் தேடாமல், மரமரப்பு தெளிவதற்குள் முதல் வேளையை எடுத்துவிடுவது நல்லது. ஊசியின் வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கும். ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்த்துத் தருவது வழக்கம். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கும், சில ஆஸ்துமா நோயாளிகளுக்கும் ஐபுபுரூஃபன் ஆகாது. பாராசிட்டமால், உடல்நலமுள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அதை வலிக்காக நாமே வாங்கிப் போடக் கூடாது. தொற்றுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதியிருந்தால் மதுவைத் தவிர்க்கச் சொல்லி அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கும். மரத்திருக்கும்வரை கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, சூடான பானம் உதட்டைச் சுட்டாலும் தெரியாது. ஆகவே ஆறியதையே குடியுங்கள்.

கன்னத்தின் வெளிப்புறத்தில் ஐஸைத் துணியில் சுற்றி 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் எடுத்து, விழித்திருக்கும்வரை தொடருங்கள். இரவில் தலையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும்.

இரண்டாம் நாளிலிருந்து

மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் முகம் நேற்றைவிட மோசமாக இருக்கும். வீக்கம் 2, 3 நாள்களில்தான் உச்சத்துக்குப் போகும். அறுவை தவறிவிட்டதாக நினைக்க வேண்டாம். சிலருக்குக் கன்னத்திலும் கழுத்திலும் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போகும். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறக்கும். முதல் நாளுக்குப் பிறகு ஐஸை விட்டுவிட்டு, இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்து, தாடையை மெல்ல மெல்லத் திறந்து மூடிப் பழக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் மூன்று விரல் நுழையும் நிலைக்கு வந்துவிடும்.

24 மணி நேரம் கழிந்ததும் உப்புநீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை தேக்கரண்டி உப்பு, உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும். கொப்பளிப்பது என்றால் கன்னத்தை உப்பி ஆட்டுவது அன்று. வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு, வழியவிடுவது. மற்ற பற்களை வழக்கம்போல் துலக்கலாம், காயத்தின் பக்கம் மட்டும் ஒதுங்கிப் போக வேண்டும். குழியின்மேல் வெண்மையாகப் படர்வதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் உண்டு. அது ஆறும் புண்ணின் மேல்படலம், அதை விட்டுவிடுங்கள். மேல்பல்லை எடுத்தவர்கள் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

இப்போது என் மூன்றாம் நாள் இரவு. முதல்முறை அறுவை முடிந்த மாலையில், வாயில் இரத்தச் சுவை பிடிக்காமல், கழுவுதொட்டியின் முன் நின்று பலமுறை கொப்பளித்துத் துப்பினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் வலி குறைந்தது. மூன்றாம் நாள் மாலை, குறைந்துகொண்டிருந்த வலி திரும்பி ஏறத் தொடங்கி, காதுக்குள்ளும் நெற்றிப்பொட்டுக்கும் குத்தி இழுத்தது; மாத்திரை அதைத் தொடக்கூட இல்லை; வாயில் அழுகிய நாற்றம். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது குழி வெறுமையாக, அடியில் சாம்பல் வெண்மையாக எலும்பு தெரிந்தது. இதைத்தான் ட்ரை சாக்கெட் என்கிறார்கள்: இரத்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய் எலும்பு திறந்துகிடப்பது. நான் துப்பியதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது, எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் இது வருவதுண்டு. ஆனால் இரண்டாம் முறை நான் ஒரு சொட்டுக்கூடத் துப்பவில்லை. மறுநாள் காலை மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் மணக்கும் மருந்தில் தோய்த்த நாடாவை உள்ளே வைத்தார். நாற்காலியிலிருந்து எழுவதற்குள் வலி பாதியாகிவிட்டது. சொல்ல வருவது இதுதான்: குறைந்த வலி மீண்டும் ஏறினால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக் கிடக்காதீர்கள், அன்றே போங்கள்.

அதைவிட அவசரமானவையும் உண்டு. மூச்சு விடவோ எச்சில் விழுங்கவோ கடினமாக இருந்தாலோ, வீக்கம் கழுத்துக்கும் நாக்கின் அடிக்கும் இறங்கினாலோ காலைவரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போவது, குளிர்காய்ச்சல், சீழ் வடிதல், மறுநாளும் தெளியாத உதட்டு மரமரப்பு ஆகியவற்றுக்கு மருத்துவரை அழைத்தால் போதும்.

தையலும் அதன் பிறகும்

கரையும் நூல் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிர்ந்துவிடும். பட்டு நூல் என்றால் ஏறக்குறைய 7ஆம் நாள் பிரிப்பார்கள், அது வலிக்காது. அதுவரை நூலின் முனை நாக்கை முள்போல உரசிக்கொண்டே இருக்கும். நாக்கால் அதைத் தேடித் தேடித் தொடாமலிருப்பதுதான் பெரிய பாடு.

ஈறு மூடச் சுமார் 3, 4 வாரமாகும். அடியில் எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் கீழ்த்தாடைக் குழியில் ஒவ்வொரு வேளையும் உணவு போய்த் தங்கும். மருத்துவர் அனுமதித்த பிறகு, பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில், முனை வளைந்த பிளாஸ்டிக் ஊசிக்குழலில் உப்புநீரை நிரப்பிக் குழியின் வாயில் வைத்து மெல்லப் பீய்ச்சினால், நேற்றுச் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். சில வாரங்கள் கழித்து ஈற்றில் கூர்மையாக ஏதோ தட்டுப்பட்டால் பல்லை மிச்சம் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது தானே வெளியேறும் எலும்புச் சில்லு. காட்டினால் ஒரு நொடியில் எடுத்துவிடுவார்கள். பீய்ச்சிய தண்ணீர் தொடர்ந்து சில நாள் சுத்தமாகவே திரும்பி வரும்போது ஊசிக்குழலை எடுத்துவைத்துவிடலாம்.